அச்சு இயந்திரத்துக்கும் சிறை!

கொலைகாரன் கையிலிருந்த கத்தியைக் காவலர் கைப்பற்றுவர், முறைதான். கள்ளநோட்டு அடித்தவன் வீட்டுக் கருவிகளைத் தூக்கிச் செல்வர், சட்டந்தான். ஆனால், தலையங்கம் எழுதினான் என்பதற்காக ஒருவனைச் சிறையிலே தள்ளிவிட்டு, அதை அச்சிட்ட இயந்திரத்தையும், குற்றம் புரியப் பயன்பட்ட கருவி என்று கூறிப் பறித்துச் சென்ற விந்தை நாடொன்று இருந்தது. மெக்சிகோ அதன் பெயர். போர்பிரியோ டியாஸ் அதன் அதிபர்.

1876இல் படைபலத்தால் அரியணை ஏறியவர் டியாஸ். 1880 முதல் 1884 வரை நண்பர் ஒருவரை நாற்காலியிலே உட்கார வைத்ததைத் தவிர, 1911 வரையில் அவரே குடியரசுத் தலைவர். தேர்தல் உண்டு அங்கே. வாக்குச் சீட்டும் உண்டு. வெற்றி மட்டும் எப்போதும் ஒருவருக்கே! ஏடுகளின் மீதான வழக்கைப் பொதுமக்களிடையே இருந்து எடுத்த ஜூரிகள் விசாரிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. 1883இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அந்த வழக்கத்தை ஒழித்துக் கட்டினார்கள். பிறகென்ன? ஆளவந்தார் அமர்த்திய நீதிபதி. ஆளவந்தார் கொடுத்த புகார். ஆளவந்தார் விரும்பிய தீர்ப்பு!

ஏடுகளே இல்லையா என்றால், இருந்தன. 1896இல் ஒரு நாளேடு தோன்றிற்று. விலை ஒரு செந்தாவோ, அந்நாட்டுச் சல்லிக்காசு. அவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிந்தது எப்படி? அரசாங்கக் கருவூலத்திலிருந்து மானியம்! அந்த ஏட்டின் பெயர் என்ன தெரியுமா? 'எல் இம்பார்சியல்', அதாவது நடுநிலையாளன்! பெயர் வைப்பதிலே எந்த நாட்டு ஆளவந்தாரும் சளைத்தவரல்லர்.

இப்படிப்பட்ட நாட்டிலே, மானியம் வாங்காத ஏடு ஒன்றை நடத்தத் துணிந்து, அதற்காக வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறையிலும் நாடு கடந்தும் கழித்து, கடைசியில் சிறையிலேயே மாண்டுபோன ஒரு மாவீரனின் வரலாற்றை இன்று நாம் எழுதுகிறோம். ரிகார்டோ புளோரெஸ் மகோன் அவர் பெயர்.

1873ஆம் ஆண்டு செப்டம்பர் 16, மெக்சிகோவின் விடுதலை நாளன்று, தெற்கே வாஹாக்கா மாநிலத்து மலைச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தார். தந்தை தெயோடோரோ புளோரெஸ், பிரெஞ்சுப் படையெடுப்பை எதிர்த்துப் போரிட்டவர். தாய் மார்கரிட்டா மகோன். அண்ணன் ஹெசுஸ், தம்பி என்ரிக்கே. அந்த மலைப்பகுதியிலே நிலம் ஊருக்குப் பொது. வேலியும் பட்டாவும் இல்லாமல் ஊரார் கூடி உழுது கூடி உண்ட காட்சியைச் சிறுவயதிலே கண்ட கண்கள் அவை. பிள்ளைகள் படிக்கவேண்டும் என்று குடும்பம் தலைநகருக்குப் போயிற்று. சட்டம் படிக்கப் புகுந்த ரிகார்டோ, 1892இல் டியாஸ் மறுபடியும் பதவிக்கு நிற்பதை எதிர்த்த மாணவர் கிளர்ச்சியிலே கலந்துகொண்டு முதன்முதல் சிறை கண்டார். சட்டப் படிப்பு முற்றுப்பெறவில்லை. சட்டத்தின் மறுபக்கத்தைப் படித்து முடித்தார்!

1900ஆம் ஆண்டு ஆகஸ்டு 7. அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து தலைநகரிலே ஒரு வார ஏடு தொடங்கினர். 'ரெஹெனரசியோன்' என்று பெயர். தமிழிலே சொன்னால் மறுமலர்ச்சி. தொடக்கத்திலே நீதிமன்றங்களின் முறைகேட்டை மட்டும் எடுத்துரைக்கும் சட்ட இதழ். அந்த ஊரிலே இந்த நீதிபதி இன்ன அநியாயம் செய்தார், இந்த ஊரிலே ஏழையின் வழக்கு இத்தனை ஆண்டு கிடப்பிலே கிடக்கிறது என்று எழுதினர். நான்கு திங்கள் எழுதியதும் ஓர் உண்மை புலப்பட்டது. கிளைகளிலே புழு அல்ல, வேரிலேயே நோய்! ஆண்டின் கடைசி நாளன்று ஏட்டின் முகப்பை மாற்றினர். சட்ட இதழ் என்றிருந்தது போய், சுதந்திரமான போர் ஏடு என்று ஆயிற்று. 1901 பிப்ரவரியில் சான் லூயிஸ் போத்தோசி நகரிலே கூடிய லிபரல் மாநாட்டிலே, டியாசின் ஆட்சி திருடர்களின் குகை என்று ரிகார்டோ முழங்கினார். மண்டபத்திலே சிலர் திகைத்தனராம், சிலர் தடுத்தனராம். அவர் விடவில்லை.

மே மாதம் கைது. தலைநகரின் பெலெம் சிறை, இருளும் ஈரமும் நோயும் குடியிருக்கும் கொட்டடி. சகோதரர் இருவரும் உள்ளே இருக்கையிலே, ஜூன் திங்களில் தாய் மார்கரிட்டா கண்மூடினார். பிள்ளைகள் பக்கத்திலே இல்லை. அக்டோபரில் ஏடும் நின்றது. வெளியே வந்த ரிகார்டோ கேலிச் சித்திரங்களுக்குப் பெயர்போன வேறோர் ஏட்டை ஏற்று நடத்தினார், மறுபடி சிறை. 1903 பிப்ரவரி 5, அரசியல் சட்ட நாள். அந்த ஏட்டின் அலுவலகத்து மாடியிலே தோழர்கள் ஒரு துணியைத் தொங்கவிட்டனர். அரசியல் சட்டம் செத்துவிட்டது என்று இழவுச் செய்தி அறிவிக்கும் துணி! அதன் நிழற்படம் இன்றும் இருக்கிறது. அவ்வாண்டு ஜூனிலே நீதிமன்றம் ஒரு தடை பிறப்பித்தது: மகோன் சகோதரர்கள் எழுதிய எதையும் எந்த ஏடும் அச்சிடக் கூடாது! கருத்துக்குத் தடை கண்டிருக்கிறோம். ஏட்டுக்குத் தடை கண்டிருக்கிறோம். இது கைக்குத் தடை.

நாட்டிலே எழுத முடியாது. 1904 ஜனவரியில் எல்லை கடந்து, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து லரேடோ நகரிலே கால் வைத்தார். ஏட்டின் உண்மையான வரலாறு இங்கேதான் தொடங்குகிறது என்பது நமது கருத்து.

ஏன் என்று சொல்லவேண்டும். டெக்சாஸ், கலிபோர்னியா, அரிசோனா என்று இன்று நாம் அழைக்கும் நிலமெல்லாம் முன்பு மெக்சிகோவின் நிலம். டெக்சாஸ் முதலிலே பிரிந்தது. போரிலே தோற்று, 1848 உடன்படிக்கைப்படி மற்றவையும் கைமாறின. அங்கேயே இருந்த மெக்சிகோக் குடிகள், எல்லைதான் தங்களைத் தாண்டிப் போயிற்றே தவிரத் தாங்கள் எல்லையைத் தாண்டவில்லை. பின்னாளிலே, ஊர்ப்பொது நிலம் பறிபோய்ப் பிழைக்க வழியற்று, இரயில் பாதை போடவும், செம்புச் சுரங்கத்திலே இறங்கவும், பருத்தி எடுக்கவும் ஆயிரமாயிரமாய் வந்தவர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். ஒருவர் அரிசோனாச் சுரங்கத்திலே, இன்னொருவர் டெக்சாஸ் பருத்திக் காட்டிலே, மூன்றாமவர் கன்சாஸ் இரயில் பாதையிலே. ஒருவரை ஒருவர் அறியார். வெள்ளைத் தொழிலாளியின் சங்கத்திலே பெரும்பாலும் இடமில்லை. வெள்ளையர் உணவகத்திலே இடமில்லை. சிதறிக் கிடந்தார்கள்.

அந்தச் சிதறலை ஒன்று சேர்த்தது எது? 1904 நவம்பரில் சான் அந்தோனியோ நகரிலிருந்து மறுபடி வெளிவந்த நான்கு பக்க 'மறுமலர்ச்சி'!

ஏடு கூடாரத்துக்கு வரும். எழுத்தறிந்தவர் ஒருவர் இருப்பார். விளக்கடியிலே உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மற்றவர் சுற்றி அமர்ந்து கேட்பர். படிப்பகத்து மரப் பெஞ்சிலே அமர்ந்து, பிறர் படிக்கக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. படித்து முடித்த ஏடு தூக்கியெறியப்படாது. அடுத்த கூடாரத்துக்குப் போகும். இரயில் தொழிலாளியின் உடையிலே ஒளிந்து எல்லை கடக்கும். கேட்டவர்கள் காசு போட்டுச் சந்தா கட்டினர். தங்கள் ஊர்க் கொடுமையை எழுதி அனுப்பினர். அது அடுத்த இதழிலே வந்தது. ஆயிரம் கல் தொலைவிலே இருந்த இன்னொரு தொழிலாளி அதைக் கேட்டு, நம் ஊரைப் போலவே இருக்கிறதே என்றான். அந்தக் கணத்திலே ஒரு சமுதாயம் பிறந்தது. சந்தாதாரர்கள் கூடிய இடமெல்லாம் லிபரல் மன்றமாயிற்று. லரேடோவிலே சாரா எஸ்தெலா ராமிரெஸ் என்ற இளம் ஆசிரியை, கவிதை எழுதியும் மேடையேறியும் ரிகார்டோவின் பணிக்குத் துணை நின்றார். குவானஹுவாட்டோவிலே 'வெஸ்பெர்' என்ற ஏட்டைத் தாமே நடத்திச் சிறை சென்ற ஹுவானா பெலென் குட்டியெரெஸ் என்ற பெண்மணியும் அந்த அணியிலே இருந்தார், பின்னர்ப் பிணங்கிப் பிரிந்தாலும்.

எதிரி இதை அறிந்திருந்தான். 1904 டிசம்பரில் சான் அந்தோனியோ வீட்டிலே கத்தியோடு ஒருவன் நுழைந்தான். தம்பி என்ரிக்கே அவனைத் தள்ளி வீழ்த்தினார். காவலர் வந்து யாரைப் பிடித்தனர்? என்ரிக்கேயை! இனி எல்லையோரம் ஆகாது என்று, 1905இல் வடக்கே மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிசுக்கு ஏட்டைக் கொண்டு போனார்கள். விற்பனை 20,000 படிகளை எட்டிற்று. செப்டம்பரில் மெக்சிகோ லிபரல் கட்சியின் அமைப்புக் குழு உருவாயிற்று. அக்டோபரில், தம்மை ஏடு அவதூறு செய்தது என்று வாஹாக்காவிலிருந்து ஓர் அதிகாரி புறப்பட்டு வந்து வழக்குப் போட்டார். ஆசிரியர்கள் கைதாயினர், அலுவலகம் சூறை, அச்சு இயந்திரம் ஏலம். சுதந்திர நாட்டிலும் இயந்திரத்துக்கு விடுதலை இல்லை! சந்தாதாரர் சில்லறைக் காசு திரட்டி ஜாமீனுக்கு அனுப்பினர். 1906 பிப்ரவரியில் ஏடு மீண்டும் வந்தது. ரிகார்டோவும் என்ரிக்கேயும் கனடாவுக்குத் தப்பினர்.

டியாஸ் அரசு கூலி கொடுத்துத் துப்பறிவோரை ஏவிற்று. அஞ்சல் நிலையங்களிலே கடிதங்கள் பிரிக்கப்பட்டன, படியெடுக்கப்பட்டன. எதைத் தேடினார்கள்? வெடிகுண்டையா? சந்தாதாரர் பட்டியலை! அது கிடைத்த ஊரிலெல்லாம் கைது நடந்தது. ஒரு வேடிக்கை: ஒற்றர்கள் அன்று திருடிப் படியெடுத்த அந்தக் கடிதங்கள் மெக்சிகோ வெளிநாட்டுத் துறையின் ஆவணக் காப்பகத்திலே பத்திரமாக இருக்கின்றன. ரிகார்டோவின் வரலாற்றை எழுதுவோர்க்கு இன்று அவைதான் பெருஞ்செல்வம். அழிக்கப் புறப்பட்டவன் அடுக்கி வைத்துக் காப்பாற்றியிருக்கிறான்!

1906 ஜூலை முதல் நாள் கட்சியின் திட்டம் வெளிவந்தது. அதை எழுதிய முறையைத்தான் நாம் வியந்து போற்றுகிறோம். ஆசிரியர் குழு அறைக்குள் அமர்ந்து எழுதிவிடவில்லை. முதலில் வரைவை ஏட்டிலே போட்டு, வாசகரின் கருத்தைக் கேட்டு, வந்து குவிந்த கடிதங்களைப் படித்து, அதன் பின்னரே இறுதி செய்தனர். சுரங்கத்திலே கிடந்தவன் தன் கைப்பட எழுதியனுப்பிய குறை கட்சித் திட்டமாயிற்று. எட்டு மணி நேர வேலை. நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு பெசோ கூலி. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கத் தடை. கூலியை முதலாளியின் கடைச் சீட்டாகக் கொடுக்காமல் காசாகவே கொடுக்கவேண்டும் என்ற விதி. தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் கேட்போர்க்கு வழங்குதல். 1917இல் மெக்சிகோ புதிய அரசியல் சட்டம் வகுத்தபோது, எட்டு மணி நேர வேலையும் குறைந்தபட்சக் கூலியும் அதன் 123ஆம் பிரிவிலே ஏறின. எழுதியவர் அப்போது அமெரிக்காவிலே, தலைமேல் தண்டனை தொங்க நின்றுகொண்டிருந்தார்.

அதே 1906 ஜூனிலே, கனனேயா செம்புச் சுரங்கத்திலே வேலைநிறுத்தம். முதலாளி அமெரிக்கர். ஒரே வேலைக்கு அமெரிக்கத் தொழிலாளிக்கு ஒரு கூலி, சொந்த மண்ணிலே மெக்சிகோத் தொழிலாளிக்கு அதைவிடக் குறைந்த கூலி. தலைமை தாங்கியோர் லிபரல் கட்சியோடு தொடர்பு கொண்டவர்கள். அரிசோனாவிலிருந்து ஆயுதம் தாங்கிய கூட்டம் எல்லை தாண்டி வந்தது. இரத்தம் சிந்திற்று. தலைவர்களைக் கடற்கோட்டைச் சிறையிலே அடைத்தனர்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே மறைந்திருந்து வேறு பெயரிலே ஏடு நடத்திய ரிகார்டோவை 1907 ஆகஸ்டிலே, கைது ஆணையில்லாமலே துப்பறிவோர் பிடித்தனர். தெருவிலே இழுத்துச் செல்கையில் அவரும் தோழர்களும் வாய்விட்டுக் கத்தினார்கள். கோழைத்தனமா? அல்ல! சில வாரங்களுக்கு முன்புதான் மனுவேல் சராபியா என்ற தோழரை அரிசோனாவிலிருந்து கள்ளத்தனமாகக் கடத்தி மெக்சிகோச் சிறையிலே தள்ளியிருந்தார்கள். தொழிலாளர் தலைவி மதர் ஜோன்ஸ் போன்றோர் கிளப்பிய கூக்குரலால்தான் அவர் மீண்டார். யாரும் அறியாமல் தம்மையும் கடத்திவிடக் கூடாது என்றே ஊரைக் கூட்டினார்கள். மூன்றாண்டு சிறை. அவருடைய துணைவி மரியா புரூசே, அழுக்குத் துணிகளிடையே கடிதங்களை ஒளித்து வெளியே கொண்டுவந்தார்.

1910 ஆகஸ்டில் விடுதலை. செப்டம்பர் 3இல் லாஸ் ஏஞ்சல்சிலே 'மறுமலர்ச்சி' நான்காம் முறையாக எழுந்தது. இம்முறை ஒரு பக்கம் ஆங்கிலத்திலே, வெள்ளைத் தொழிலாளியும் படிப்பதற்காக. செப்டம்பர் 24 இதழிலே பெண்களை விளித்து ஒரு கட்டுரை. நவம்பர் 3ஆம் நாள் டெக்சாசின் ராக்ஸ்பிரிங்ஸ் ஊரிலே அந்தோனியோ ரோட்ரிகெஸ் என்ற மெக்சிகோத் தொழிலாளியைக் கும்பலொன்று சிறையிலிருந்து இழுத்து உயிரோடு கொளுத்திற்று. நடுநிலை ஏடுகள் முணுமுணுத்தன. ரிகார்டோவின் பேனா நெருப்பைக் கக்கிற்று. ஞாயிறுதோறும் நகரச் சதுக்கத்திலே கூட்டம், சொற்பொழிவு, சந்தா திரட்டல். ரிகார்டோ நாடகமும் எழுதினார்! நிலமும் விடுதலையும் என்ற முழக்கத்தையே பெயராகக் கொண்ட அவரது நாடகத்தைத் தொழிலாளர்களே வேடமிட்டு நடித்தனர். படிக்கத் தெரியாதவனுக்கு மேடைதான் ஏடு என்பதைக் கடல் கடந்த நாட்டிலே ஒருவர் கண்டறிந்திருந்தார் என்பதை எண்ணுகையில் நமக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைப்பானேன்?

குறையையும் சொல்லவேண்டும். 1910 நவம்பரில் மதேரோ என்ற செல்வக் குடும்பத்தவர் தலைமையிலே புரட்சி வெடித்தது. நாற்காலியிலே ஆள் மாறினால் போதாது, நிலம் கைமாற வேண்டும் என்று ரிகார்டோ ஒதுங்கி நின்றார். 1911 ஜனவரியில் அவர் கட்சியினர் எல்லை ஊரான மெக்சிகாலியைப் பிடித்தனர். மே மாதத்தில் திஹுவானாவையும். படையிலே அயல்நாட்டார் பலர் இருந்தது எதிரிக்குத் தூற்ற வாய்ப்பாயிற்று. ஜூனுக்குள் எல்லாம் சரிந்தது. தோழர் வில்லர்ரெயால் பிரிந்து, அதே பெயரிலே போட்டி ஏடு நடத்தினார். அண்ணன் ஹெசுஸ் மதேரோவின் அமைச்சரானார். ஆட்சி என்பதே கூடாது, தேர்தலே ஏமாற்று என்ற முடிவுக்கு ரிகார்டோ வந்துவிட்டார். நாம் அதை ஏற்கவில்லை. வாக்குச் சீட்டைப் பிடுங்கிக் கொண்டவனைக் கண்டு கொதித்தவர், வாக்குச் சீட்டின் மீதே நம்பிக்கை இழந்தது அவர் வாழ்ந்த காலத்தின் கொடுமை. அவரை விட்டு வாசகர் பலர் விலகினர். ஏடு கடனிலே மூழ்கிற்று.

1912இல் மறுபடி தண்டனை. மக்நீல் தீவுச் சிறை. 1914இல் வெளியே வந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் புறநகரிலே ஒரு தோட்டத்தை வாடகைக்கு எடுத்து, குடும்பங்கள் கூடி வாழ்ந்து, பழமும் காய்கறியும் விற்று ஏட்டை நடத்தினர். தலையங்கம் எழுதிய கை பாத்தியும் கட்டிற்று! 1916இல், டெக்சாசிலே மெக்சிகோ மக்கள் கொல்லப்படுவதைக் கண்டித்து எழுதியதற்காகக் கைது. எம்மா கோல்ட்மன் அம்மையார் முதலானோர் ஜாமீன் தொகை திரட்டினர். உலகப் போர் மூண்டிருந்த 1918 மார்ச்சில், உலகத் தொழிலாளர்க்கு ஓர் அறிக்கை எழுதினார். 262ஆம் இதழிலே அது வந்தது. அதுவே கடைசி இதழ். அறிக்கைக்கு விலை இருபதாண்டுச் சிறை! உடன் கையெழுத்திட்ட லிப்ராடோ ரிவேராவுக்குப் பதினைந்தாண்டு.

கன்சாசின் லெவன்வொர்த் சிறைக்கு மாற்றினர். கண்ணொளி மங்கிற்று. எழுத்தே மூச்சாகக் கொண்டவருக்கு எழுத்தே தெரியாமல் போயிற்று. மெக்சிகோ நாடாளுமன்றம் அவருக்கு உதவித்தொகை அளிக்க முன்வந்தது. மக்களிடம் வசூலித்த வரிப்பணம் தமக்கு வேண்டாம் என்று மறுத்தார். தவறுக்கு வருந்தி மன்னிப்புக் கேட்டால் விடுதலை கிட்டலாம் என்றது அமெரிக்க அரசு. செய்யாத தவறுக்கு வருந்தும் வழக்கம் அவரிடம் இல்லை. 1922 நவம்பர் 21ஆம் நாள் விடியுமுன்னே அறையிலே பிணமாகக் கிடந்தார். மாரடைப்பு என்றது சிறை. கொலை என்றனர் தோழர்கள். இருசாராரும் கடைசி வரை தம் சொல்லை மாற்றிக் கொள்ளவில்லை.

உடலைக் கொண்டுவர மெக்சிகோ அரசு செலவு செய்வதாகச் சொல்லிற்று. தோழர்கள் அதையும் ஏற்கவில்லை. இரயில்வேத் தொழிலாளர் சங்கத்தார் தம் செலவிலே கொண்டுவந்தனர். 1923 ஜனவரி. எந்தப் பாதைகளிலே அவர் ஏடு ஒளிந்து போயிற்றோ அந்தப் பாதையிலே அவர் உடல் திறந்த வெளியிலே போயிற்று. நிலையம்தோறும் சிவப்புக் கருப்புக் கொடியோடு கூட்டம்.

1945இல் அரசாங்கம் அவருடைய எலும்புகளை எடுத்துச் சென்று தலைநகரிலே மேன்மக்கள் துயிலும் மண்டபத்திலே வைத்தது. பிறந்த ஊருக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அவர் மறைந்த நூறாம் ஆண்டாகிய 2022ஐ, ரிகார்டோ புளோரெஸ் மகோன் ஆண்டு என்று மெக்சிகோ அரசு அறிவித்தது. அவ்வாண்டு முழுவதும் அரசாங்க அலுவலகங்களிலிருந்து வெளிவந்த கடிதங்களின் மேலே அவர் பெயர் அச்சாகியிருந்தது. அச்சிட்டது அரசாங்க இயந்திரம்!